டிரா ஆகவே முடியாத ஆட்டம்: ஹெக்ஸ்

நைட் டியூட்டி. கூட்டம் குறைந்த நேரம். எங்க ஹவுஸ் சர்ஜன் ஒருத்தர் பழைய ஓபி சீட்டின் பின்பக்கம் தேன்கூடு மாதிரி கட்டம் வரைந்து, "சார், ஒரு ஆட்டம் வர்றீங்களா?" என்றார்.

மூணு ஆட்டம். மூணிலும் தோத்தேன்.

அந்தக் கடுப்பில் இதன் வரலாற்றைத் தேடிப் படிச்சேன். படிச்சதை உங்களுக்கும் சொல்றேன்.

1942. டென்மார்க் ஜெர்மன் ராணுவத்தின் பிடியில் இருந்த காலம். அந்த டிசம்பரில் கோபன்ஹேகனின் பொலிட்டிகன் நாளிதழில் பியட் ஹைன் என்பவர் "பாலிகன்" என்ற பெயரில் இதை அறிமுகப்படுத்தினார். பேப்பரும் பென்சிலும் போதும்.

விதி இவ்வளவுதான்: 11-க்கு 11, மொத்தம் 121 அறுகோணக் கட்டங்கள். எதிரெதிர் பக்கங்கள் இரண்டு உங்களுக்கு, மற்ற இரண்டு எதிராளிக்கு. மாறி மாறி ஆளுக்கொரு காய் வைக்கணும். வைத்த காய் நகராது, வெட்டுப்படாது. தன் இரு பக்கங்களையும் யார் முதலில் இணைக்கிறாரோ அவர் வெற்றி.

இதில் டிரா கிடையாது. ஏன்?

நீங்கள் வாய்க்கால் வெட்டுறீங்க, அவர் அணை கட்டுறார்னு வைங்க. உங்களை முழுசாகத் தடுக்கணும்னா அவர் அணை கரைக்குக் கரை தொடணும். தொட்டால் அதுவே அவர் வெற்றி! சதுரக் கட்டத்தில் இது நடக்காது. அங்கே ஒரு மூலையில் நான்கு கட்டம் சந்திக்கும், இருவருமே மாட்டிக்கொள்ளலாம். அறுகோணத்தில் சந்திப்பது மூன்றுதான்.

1948-இல் பிரின்ஸ்டனில் ஓர் இளைஞர் இதே ஆட்டத்தைத் தானாகவே கண்டுபிடித்தார். ஜான் நாஷ். முதலில் ஆடுபவருக்கு வெல்லும் வழி நிச்சயம் உண்டு என்றும் நிரூபித்தார்.

ரெண்டாவது ஆளிடம் தோற்காத உத்தி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் ஆள் எங்காவது ஒரு காய் வைத்துவிட்டு அதே உத்தியைத் திருடி ஆடலாமே! கூடுதல் காய் ஒருபோதும் கெடுதல் செய்யாது. ஆக, அப்படியொரு உத்தி இருக்கவே முடியாது. ஆனால் முதல் ஆள் ஜெயிக்கும் வழி எது? அதை இந்த நிரூபணம் சொல்லாது.

அதனால்தான் இப்போது மாற்று விதி வைத்து ஆடுறாங்க. முதல் காய் விழுந்ததும், வேண்டுமென்றால் எதிராளி அந்தப் பக்கத்தைத் தனதாக்கிக்கொள்ளலாம். ஒருத்தர் பங்கு பிரிக்க, இன்னொருத்தர் எடுத்துக்கிற மாதிரி.

நாஷின் கதையில் ஒரு டாக்டராக என்னால் கடந்து போக முடியாத பகுதி உண்டு. 1959-இல், முப்பது வயதில், மனச்சிதைவு நோயோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பல வருடங்கள் போச்சு. மெல்ல மீண்டு வந்தார். 1994-இல் பொருளாதார நோபல்.

அவர் 1970-க்குப் பிறகு மருந்து எடுக்கவில்லை. சினிமா இதை மாற்றிக் காட்டியது. இதைப் படிச்சுட்டு உங்க வீட்டில் யாருடைய மாத்திரையையும் நிறுத்திடாதீங்க, ப்ளீஸ். நிறுத்திவிட்டு மறுபடி அட்மிட் ஆகிறவர்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கேன்.

இன்று இரவும் டியூட்டி. முதல் காய் எனக்குத்தான்னு ஹவுஸ் சர்ஜனிடம் சொல்லிட்டேன்.

மாற்று விதியைப் பற்றி மட்டும் இன்னும் சொல்லல.