மூளையை எட்டும் வழி: ஜொகூரின் பாக்சைட் மண்ணும் வெல்டிங் புகையும்

இரும்பு, செம்பு, துத்தநாகம், மாங்கனீஸ் ஆகியவை இல்லாமல் மூளை இயங்காது. டோபமைன் உருவாக்கத்தில் முதன்மையான நொதிக்கு இரும்பு வேண்டும். மைட்டோகாண்ட்ரியாவை ஆக்சிஜன் சிதைவிலிருந்து காக்கும் நொதி மாங்கனீசைக் கொண்டது. அலுமினியத்துக்கோ உடலில் எந்த வேலையும் இல்லை. ஆனாலும் நரம்புச் சிதைவு நோய்களைப் பற்றிய பொது அச்சம் நெடுங்காலமாக அலுமினியத்தையே சுற்றி வருகிறது. ஓர் உலோகம் சுற்றுப்புறத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, அது எந்த வழியாக உடலுக்குள் புகுகிறது என்பதே மூளைக்கு நேரும் தீங்கைத் தீர்மானிக்கிறது. பாக்சைட் மண், வெல்டிங் புகை என இரண்டு வகை உலோகச் சூழலும் அமைந்த ஜொகூரில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

ஜொகூரின் தென்கிழக்கு முனையில், பெங்கேராங் வட்டாரத்துத் தெலுக் ரமுனியாவில் 1950-களிலிருந்தே பாக்சைட் வெட்டியெடுக்கப்பட்டது. பாக்சைட் என்பது அலுமினியத் தாது; அந்த அலுமினியத்தின் மீதான அச்சத்துக்கு ஓர் ஆய்வு வித்திட்டது. 1965-இல் முயல்களின் மூளையில் அலுமினிய உப்பைச் செலுத்தியபோது நரம்பணுக்களில் இழைமுடிச்சுகள் தோன்றின. அல்சைமர் நோய்க்கும் அலுமினியமே காரணம் என்ற கருதுகோள் அங்கிருந்து கிளைத்தது. அம்முடிச்சுகளின் அமைப்பு அல்சைமர் முடிச்சுகளிலிருந்து வேறுபட்டது என்பது பின்னர் தெளிவானது. உணவிலும் நீரிலும் வரும் அலுமினியத்தில் நூற்றில் ஒரு பங்குகூடக் குடலைத் தாண்டுவதில்லை. தாண்டுவதையும் பெரும்பாலும் சிறுநீரகம் வெளியேற்றிவிடுகிறது. எனவே அல்சைமருக்கு அஞ்சி அலுமினியச் சட்டியைப் பரணில் ஏற்றிய குடும்பங்கள் பெரிதாக எதையும் தவிர்த்துவிடவில்லை. இதற்கு விலக்கு 1970-களின் டயாலிசிஸ் நோயாளிகள். டயாலிசிஸுக்குப் பயன்படுத்திய, சுத்திகரிக்கப்படாத நீரிலிருந்த அலுமினியம் குடலைத் தவிர்த்து நேரே இரத்தத்தில் கலந்தது. பேச்சுக் குழறலும் வலிப்பும் மறதியும் தொடர்ந்தன. ஆல்ஃப்ரேயின் ஆய்வுக் குழுவினர் 1976-இல் அவர்களின் மூளையில் அலுமினியம் மிகுந்திருந்ததைக் காட்டினர். உலோகம் அதேதான்; வழிதான் மாறியது.

மாங்கனீசின் கதையும் இதுவே, ஜொகூருக்கு இன்னும் நெருக்கமானது. உண்ணும் மாங்கனீசைக் கல்லீரல் பித்தநீர் வழியே கழித்துவிடும். மூச்சில் புகும் மாங்கனீஸ் கல்லீரலைச் சந்திக்கும் முன்பே மூளையை அடைகிறது. மூக்கின் நுகர்நரம்பு வழியாகவும் செல்லக்கூடும் என விலங்கு ஆய்வுகள் காட்டுகின்றன. 1837-இல் கிளாஸ்கோவில் மருத்துவர் ஜான் கூப்பர், மாங்கனீஸ் தாது அரைத்த தொழிலாளரிடம் கண்ட தள்ளாட்டத்தைப் பதிவு செய்தார். எஃகை வெல்டிங் செய்யும்போது எழும் புகையில் இதே மாங்கனீஸ் நுண்துகள்களாக இருக்கிறது. ஜொகூரின் பாசிர் கூடாங் கப்பல் பட்டறைகளிலும், நீரிணையைக் கடந்து சிங்கப்பூர்ப் பட்டறைகளுக்குச் சென்றுவரும் ஜொகூர்த் தொழிலாளரிடையேயும் வெல்டிங் அன்றாடத் தொழில். காற்றோட்டமில்லாத கப்பல் தொட்டிக்குள் குனிந்து வேலை செய்பவரின் முகத்தருகே புகை திரள்கிறது. இரும்புச்சத்துக் குறைவுள்ளவர் உடல் மாங்கனீசைக் கூடுதலாக ஈர்க்கும், இரண்டையும் ஏற்றிச் செல்லும் கடத்திப் புரதம் ஒன்றே என்பதால்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் காக்க வேண்டும். மாங்கனீஸ் நஞ்சேற்றம் பார்க்கின்சன் நோய் அன்று. பார்க்கின்சனில் நடுமூளையின் கருநிறப் பகுதியில் டோபமைன் அணுக்கள் மடிகின்றன. மாங்கனீஸ் பெரும்பாலும் மூளையின் ஆழத்திலுள்ள குளோபஸ் பாலிடஸ் என்ற பகுதியில் படிகிறது. நோயாளி பின்னோக்கிச் சாய்கிறார், குதிகாலை உயர்த்திச் சேவல்போல் நடக்கிறார். பார்க்கின்சனுக்குத் தரப்படும் லெவோடோபா மருந்து பெரும்பாலும் பலன் தருவதில்லை. வெல்டர்களுக்குப் பார்க்கின்சன் இளவயதிலேயே வருவதாக 2001-இல் ஓர் அமெரிக்க ஆய்வு கூறியது. டென்மார்க், சுவீடன் மக்கள்தொகை ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. நஞ்சேற்றம் நிறுவப்பட்டது, பார்க்கின்சன் தொடர்பு நிறுவப்படாதது.

படிந்த உலோகத்தை மருந்தால் அகற்றினால் போதும் என்ற எண்ணமும் எளிதில் நிற்காது. பார்க்கின்சன் நோயாளிகளின் கருநிறப் பகுதியில் இரும்பு மிகுந்திருப்பது உண்மை. ஆனால் இரும்பைப் பிணைத்து நீக்கும் டெஃபெரிப்ரோன் மருந்தைக் கொடுத்த 2022 சோதனையில், லெவோடோபா அதுவரை எடுக்காதவர்களின் அறிகுறிகள் மோசமாயின. மூளைக்குத் தேவையான இரும்பும் அதோடு சேர்ந்து குறைந்திருக்கலாம்.

ஆகவே கட்டுப்பாடு நுழைவாயிலில்தான் பலிக்கும். அபாய வேதிப்பொருள் வெளிப்பாட்டுக்கான மலேசிய விதிமுறைகள் 2000-இல் வந்தன. அமெரிக்கத் தொழிற்சுகாதார வல்லுநர் அமைப்பான ஏசிஜிஐஎச் 2013-இல், நுரையீரலின் ஆழத்தை எட்டும் மாங்கனீஸ் துகள்களுக்கான பரிந்துரை வரம்பை ஒரு கனமீட்டருக்கு 0.02 மில்லிகிராமாகக் குறைத்தது. தொட்டிக்குள் புகை உறிஞ்சும் குழாயும் காற்றூட்டிய முகக்கவசமும் இன்றி அந்த வரம்புக்குள் நிற்பது கடினம். நோயறிதலிலும் காலம் முக்கியம்: எம்ஆர்ஐ படத்தில் குளோபஸ் பாலிடஸ் காட்டும் ஒளிர்வு, வேலையை விட்ட சில மாதங்களில் மங்கத் தொடங்கும், தள்ளாட்டமோ நீடிக்கும், கூடவும் செய்யும். பட்டறையை விட்டுச் சில ஆண்டுகள் கழித்து மருத்துவரிடம் வருபவரின் படம் இயல்பாகவே தோன்றலாம். அப்போது காரணத்தைக் காட்டக்கூடியது, அவர் எங்கே, எத்தனை ஆண்டுகள், எந்தக் காற்றில் வேலை செய்தார் என்ற தொழில் வரலாறுதான்.