கிண்ணத்துக்கு அப்பால்

உமார் கய்யாம் என்றால் நமக்குக் கிண்ணமும் மரநிழலுந்தான் நினைவுக்கு வரும். 1859-ல் பிட்ஸ்ஜெரால்டு ஆங்கிலத்தில் செய்துவைத்த காரியம் அது. கவிமணி தமிழில் இனிக்க இனிக்கத் தந்து அந்த நினைவை நிலைப்படுத்திவிட்டார். ஆனால் அந்த மனிதர் தம் காலத்தில் பெயர் எடுத்ததெல்லாம் கணிதத்திலும் வான சாஸ்திரத்திலுந்தான்.

1048-ல் நிஷாப்பூரில் பிறந்தவர். 1070-ஐ ஒட்டி, சமர்க்கந்தில் அபூ தாஹிர் என்ற நீதிபதியின் ஆதரவில் இருந்துகொண்டு அல்ஜீப்ரா நூலை எழுதினார். அதன் முன்னுரை மனத்தைக் கனக்கச் செய்கிறது. கற்றவர்கள் அழிந்துபோனார்கள், மிஞ்சிய சிலரைத் தொல்லைகள் விடுவதில்லை, உண்மையைத் தேடுகிறவனைக் கண்டால் ஊர் நகைக்கிறது என்று நொந்துகொள்கிறார். (எழுதுகிறவர்களின் புலம்பல் அன்றிலிருந்து இன்றுவரை மாறவேயில்லை!)

அப்போது 'எக்ஸ்' கிடையாது. தெரியாத அளவுக்குப் 'பொருள்' என்று பெயர். அதன் வர்க்கத்துக்குச் 'செல்வம்'. கணக்கு முழுவதும் வாக்கியமாகவே நடக்கும். பூஜ்யத்துக்குக் கீழ்ப்பட்ட எண்ணை அவர்கள் சேர்த்துக்கொள்வதில்லை. நம் பிரம்மகுப்தர் 628-லேயே அதற்குக் 'கடன்' என்று பெயர் வைத்து விதிகள் சொல்லியிருந்தும் இப்படி! நான் இண்டர்மீடியட் வகுப்பில் யோசியாமல் செய்ததுபோல, எல்லாவற்றையும் இடப்பக்கம் தள்ளி வலப்பக்கம் பூஜ்யம் போட அவருக்கு வழியில்லை. கனமும் பொருளும் சேர்ந்து எண்ணுக்குச் சமம் என்பது ஒரு வகை. கனமும் எண்ணும் சேர்ந்து பொருளுக்குச் சமம் என்பது வேறொரு வகை.

ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் அல்குவாரிஸ்மி, வர்க்கம் வரையில் 6 வகை கண்டார். கய்யாம் கனத்தையும் சேர்த்து 25 வகையாகப் பிரித்தார். இரண்டே உறுப்புள்ளவை 6, மூன்று உள்ளவை 12, நான்கு உள்ளவை 7. இவற்றில் 11-க்கு யூக்ளிடின் வழியே போதும். மீதி 14-ம் முரண்டு பிடித்தன. வட்டம், பரவளைவு போன்ற கோடுகளை வரைந்து, அவை வெட்டிக்கொள்ளும் இடத்தில் விடையைப் பிடித்தார். ஆனால் கிடைத்தது ஒரு கோட்டின் நீளம். எண்ணாகச் சொல்லும் சூத்திரம் அகப்படவில்லை. அதை மறைக்காமல், நமக்குப் பின் வருகிறவர்கள் யாரேனும் காணலாம் என்று எழுதிவைத்தார். 1131-ல் இறந்தார்.

பின் வந்தவர்கள் இத்தாலியர்கள். டெல் பெர்ரோவும் டார்டாக்ளியாவும் கண்ட சூத்திரத்தைக் கார்டனோ 1545-ல் அச்சிட்டார். அவரும் உறுப்புகளை இருபுறமும் பிரித்து வைத்துக்கொண்டு, வகைக்கு ஒன்றாக 13 அத்தியாயம் எழுதினார்.