மணமுறிவின் வேளையில் மதீனா

மணமுறிவு பற்றி நம் மஹல்லாக்களில் பேச்சு எழுந்தால், அது பெரும்பாலும் சட்டப் பேச்சாகவே முடிந்துவிடுகிறது. தலாக் நிகழ்ந்ததா, இத்தா எத்தனை நாள், மஹரின் நிலை என்ன என்றெல்லாம் கேட்கிறோம். கேட்க வேண்டியவைதாம். ஆயினும் பிரிகின்ற இருவரின் உள்ளம் என்ன பாடுபடுகிறது, அவர்களின் பிள்ளை யார் மடியில் ஆறுதல் தேடும் என்னும் கேள்விகள் எழுவதில்லை. மதீனாவின் முதல் தலைமுறை இவற்றையும் கவனித்தது. இரு நிகழ்வுகள் அதற்குச் சான்றாக நிற்கின்றன.

முதலாவது, பரீரா (ரலி), முகீஸ் (ரலி) ஆகியோரின் பிரிவு. இருவரும் அடிமைகளாய் இருந்த தம்பதியர். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களால் பரீரா விடுதலை பெற்றபோது, அத்திருமணத்தில் தொடர்வதா விலகுவதா என்று முடிவு செய்யும் உரிமை அவருக்குக் கிடைத்தது. அவர் விலகினார். முகீஸோ மதீனாவின் தெருக்களில் அவர் பின்னே அழுதவாறு சென்றார். கண்ணீர் அவரது தாடியை நனைத்தது. இப்னு அப்பாஸ் (ரலி) கண்ணால் கண்டு அறிவித்த இக்காட்சி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது.

நபி (ஸல்) அவர்கள் அந்த ஆண்மகனின் அழுகையை இகழவில்லை. அவருக்காகப் பரீராவிடம் பரிந்து பேசினார்கள். இது கட்டளையா என்று பரீரா வினவ, பரிந்துரை மட்டுமே என்றார்கள். அப்படியாயின் தமக்கு அவர் வேண்டியதில்லை என்றார் பரீரா. நபியவர்களின் பரிந்துரையையே ஏற்காத அப்பெண்மணியை எவரும் கடிந்ததாக அந்த அறிவிப்பில் இல்லை. அழுதவருக்குப் பரிவு கிடைத்தது. மறுத்தவரின் முடிவுக்கு மதிப்பு கிடைத்தது.

இரண்டாவது, ஒரு சிறுவனைப் பற்றியது. உமர் (ரலி) அவர்களுக்கும் அன்ஸாரிப் பெண்மணி ஒருவருக்கும் பிறந்தவர் ஆஸிம். பெற்றோர் பிரிந்தபின் ஒருநாள் குபாவுக்குச் சென்ற உமர், பள்ளிவாசல் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த மகனைக் கண்டார். கையைப் பற்றித் தூக்கித் தம் வாகனத்தில் முன்னே அமர்த்திக்கொண்டார். சிறுவனின் பாட்டியார் விரைந்து வந்து தடுத்தார். வழக்கு கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்களிடம் சென்றது (ஹிஜ்ரி 11-13). என் மகன் என்றார் உமர். என் மகன் என்றார் பாட்டியார். சிறுவனை அவரிடமே விட்டுவிடுமாறு தீர்ப்பளித்தார் அபூபக்கர். உமர் மறுபேச்சுப் பேசவில்லை என்கிறது இமாம் மாலிக்கின் முவத்தா. தாயின் மணமும் மடியும் பிள்ளைக்கு மேலானவை என்று கலீஃபா காரணம் கூறியதாக வேறு அறிவிப்பும் உண்டு.

எண்ணிப் பாருங்கள். எதிரே நிற்பவர் உமர். அவர்தம் செல்வாக்கு தீர்ப்பை மாற்றவில்லை. பிள்ளை எங்கே அமைதியாய் வளரும் என்பதே அங்கு அளவுகோல். பிள்ளையைக் காரணமாக்கித் தாய்க்கும் தீங்கிழைக்கக் கூடாது, தந்தைக்கும் தீங்கிழைக்கக் கூடாது என்று அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம் விதித்த வரம்பும் அதுவே. அந்த ஆஸிமின் மகள் வயிற்றுப் பேரர்தாம், நீதிக்குப் பெயர்பெற்ற கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ஆட்சி கி.பி. 717-720). பெற்றோர் பிரிந்ததால் ஒரு பிள்ளையின் வாழ்வு பாழாகிவிடும் என்று எவரும் விதி எழுத வேண்டாம்.

அந்நிஸா அத்தியாயத்தின் 35ஆம் வசனம், பிளவை அஞ்சும்போது இரு குடும்பத்தாரிலிருந்தும் ஒவ்வொரு நடுவரை அனுப்பச் சொல்கிறது. அந்தப் பொறுப்பு பிரிவுக்குப் பின் முற்றுப்பெற்றதாய் நாம் எண்ணிவிடக் கூடாது. நம் ஜமாஅத்துகள் தலாக் பதிவேட்டில் கையொப்பம் பெறுவதோடு நின்றுவிடாமல், இத்தா இருக்கும் பெண்ணின் வீட்டுக்கு ஆறுதல் சொல்லத் தக்க பெண்களை அனுப்பலாம். தனித்துவிட்ட ஆணிடம் பழி பேசாமல் அமர்ந்து கேட்கலாம். பிள்ளையின் காதுபடத் தாயையோ தந்தையையோ ஏசுவதை உறவினர் நிறுத்தலாம். பெருநாளன்று அப்பிள்ளை இரு வீட்டுக்கும் தயக்கமின்றிச் சென்றுவர வழி செய்யலாம்.

தமக்கிடையே பெருந்தன்மையை மறந்துவிட வேண்டாம் என்று இறைவன் நினைவூட்டுவது, மணவிலக்கைப் பற்றிய வசனத்தில்தான் (2:237). அதை நம் இல்லங்களில் நடைமுறையாக்க அல்லாஹ் அருள்புரிவானாக.