ஷையன் செஸ்னா விமான விபத்து (1996)

1996 ஏப்ரல் 11 காலை, அமெரிக்காவின் வயோமிங் மாநிலத் தலைநகர் ஷையனில், நான்கு இருக்கை கொண்ட செஸ்னா 177பி கார்டினல் விமானம் கிளம்பிய சிறிது நேரத்தில் விழுந்து நொறுங்கியது. விமானம் ஓட்டக் கற்றுவந்த ஏழு வயதுச் சிறுமி ஜெசிகா டுப்ராஃப், அவருடைய தந்தை, பயிற்றுநர் ஆகிய மூவரும் உயிரிழந்தனர். விமானம் விழுந்தது குடியிருப்புப் பகுதிச் சாலையில். ஆனாலும் தரையில் யாருக்கும் காயமில்லை.

பின்னணி

நாட்டைக் குறுக்காகக் கடந்த மிக இளைய விமானி என்ற பெயரை ஜெசிகாவுக்குப் பெற்றுத்தருவதே பயணத்தின் நோக்கம். கலிபோர்னியாவின் ஹாஃப் மூன் பேயிலிருந்து ஏப்ரல் 10 அன்று கிளம்பிய மூவரும் அன்றிரவு ஷையனில் தங்கினர். கால் எட்டுவதற்காகப் பெடல்களில் நீட்டிப்புத் துண்டுகளும், வெளியே பார்ப்பதற்காக இருக்கையில் மெத்தையும் வைக்கப்பட்டிருந்தன. மாணவர் உரிமத்துக்கான வயதுகூட நிரம்பாததால் சட்டப்படி ஜெசிகா பயணியே. விமானத்துக்குப் பொறுப்பு பக்கத்து இருக்கையில் இருந்த பயிற்றுநர்.

விபத்து

இடி, மழையுடன் வானிலை மோசமாகிக்கொண்டிருந்தது. சற்றுமுன் மேலெழுந்த மற்றொரு விமானத்தின் விமானி, காற்றின் வேகம் 15 நாட் வரை ஏறி இறங்குவதாக எச்சரித்திருந்தார். ஷையன் விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து 1,870 மீட்டருக்கும் அதிக உயரத்தில் உள்ளது. அங்கே காற்று அடர்த்தி குறைவு என்பதால் எஞ்சினின் திறன் குறையும். விமானம் மெதுவாகவே மேலேறும். போதாக்குறைக்கு, அனுமதித்த எடையைவிடச் சுமார் 44 கிலோ கூடுதல் பாரம். மேலெழுந்து வலப்பக்கம் திரும்பும்போது வேகம் குறைந்தது. இறக்கைகள் தூக்குவிசையை இழக்கும் ‘ஸ்டால்’ நிலைக்குப் போன விமானம், மீட்க முடியாத உயரத்தில் தலைகுப்புறச் சரிந்தது.

விசாரணை

மோசமான வானிலையில், கூடுதல் எடையுடன், பழக்கமில்லாத உயரத்திலிருந்து கிளம்பப் பயிற்றுநர் எடுத்த முடிவே காரணம் என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அறிவித்தது. விபத்து நேர்ந்தபோது விமானத்தை இயக்கியவரும் அவரே. நெருக்கடியான பயணத் திட்டமும், ஊடகங்களுக்குக் கொடுத்திருந்த வாக்கும் அந்த முடிவுக்குத் துணைபோயின.

சட்டம்

அதே ஆண்டு அக்டோபரில் குழந்தை விமானிகள் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. சாதனை முயற்சியிலோ வான் போட்டியிலோ உரிமம் இல்லாதவரிடம் விமானத்தின் கட்டுப்பாட்டை ஒப்படைக்க அது தடை விதித்தது. பயிற்சியை அது தொடவில்லை. தகுதிபெற்ற பயிற்றுநருடன் சிறுவர்கள் பறந்து பழக இன்றும் தடையில்லை. தனியாகப் பறக்க மட்டும் 16 வயது நிரம்ப வேண்டும்.