பொன் பூசிய தாய்

இந்தப் பாட்டுக்கு இரண்டு வீடியோக்கள் உண்டு. 1994ல் பிபிசியும் அயர்லாந்தின் ஆர்டிஇயும் காட்டிய வீடியோவில் ஒரு ராக் இசைக்குழு வாசிக்கிறது, ஒரு பெண் பாடுகிறார். பார்த்துவிட்டு மறந்துவிடலாம். இன்னொன்றில் வடக்கு அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரத்துத் தெருக்களில் பையன்கள் சண்டை விளையாடுகிறார்கள், சிப்பாய்கள் துப்பாக்கியோடு ரோந்து வருகிறார்கள். நடுநடுவே, உடம்பெல்லாம் பொன் பூசிய ஒரு பெண் சிலுவையின் முன் நின்று பாடுகிறார். அவரைச் சுற்றி வெள்ளி பூசிய சிறுவர்கள். கிரான்பெரிஸ் குழுவின் 'ஸாம்பி'. 2020 ஏப்ரலில் யூடியூபில் 100 கோடி பார்வைகளைத் தாண்டியது இந்த இரண்டாவது வீடியோதான். முதலாவதைக் குழுவினரே தங்களுடையது என்று சொல்லிக்கொள்ள விரும்பவில்லை.

பெண் முன்னின்று பாடும் ராக் குழுக்களின் வீடியோக்களை வரிசையாகப் பார்த்தால் ஒரு வழக்கம் பிடிபடும். கேமரா பாடகியை விட்டு அசையாது. கூட வாசிக்கும் ஆண்கள் பின்னணியில் மங்கலாகத் தெரிவார்கள். பாடகி எதைப் பற்றிப் பாடினாலும், பார்க்கக் கிடைப்பது அவருடைய முகமும் உடம்பும்தான். 1996ல் நோ டவுட் குழு 'டோன்ட் ஸ்பீக்' வீடியோவில் இந்த வழக்கத்தையே கதையாக்கிக் காட்டியது: புகைப்படம் எடுக்க வருகிறவர்களுக்குப் பாடகி மட்டும் போதும், மற்றவர்கள் ஓரம் போக வேண்டியிருக்கிறது. அதற்கு இரண்டு வருடம் முந்திய 'ஸாம்பி'யும் பாடகியைப் பொன்னாலேயே மூடி நட்டநடுவில் நிறுத்துகிறது. ஆனாலும் நம் கண் அவரிடம் தங்குவதில்லை. அவரைத் தாண்டி அந்தப் பையன்களிடம் போய்விடுகிறது. அது எப்படி நடக்கிறது என்று பார்ப்பதற்காகவே ஒருமுறை ஒலியை அணைத்துவிட்டு இதைப் பார்த்தேன்.

முதலில் பாட்டு பிறந்த கதை. 1993 மார்ச் 20, சனிக்கிழமை. மறுநாள் பிரிட்டனில் அன்னையர் தினம். வடமேற்கு இங்கிலாந்தில் உள்ள வாரிங்டனின் கடைத்தெருவில், வடக்கு அயர்லாந்தில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ., இரும்புக் குப்பைத்தொட்டிகளுக்குள் வைத்த இரண்டு குண்டுகள் அடுத்தடுத்து வெடித்தன. தொட்டியின் இரும்பே சில்லுசில்லாகச் சிதறிப் பாய்ந்தது. அம்மாவுக்கு வாழ்த்து அட்டை வாங்க வந்திருந்த 3 வயதுக் குழந்தை அங்கேயே இறந்தது. 12 வயதுப் பையன் ஒருவன் மருத்துவமனையில் ஐந்து நாள் கிடந்து 25ஆம் தேதி இறந்தான்.

அந்தச் சமயத்தில் கிரான்பெரிஸ் குழு இங்கிலாந்தில் சுற்றுப்பயணத்தில் இருந்தது. முதல் ஆல்பம் அந்த மாதம்தான் வெளியாகியிருந்தது. பாடகி டொலோரஸ் ஓ'ரியார்டனுக்கு வயது 21. லிமெரிக் மாவட்டத்தில் பாலிபிரிக்கன் என்ற கிராமத்துப் பெண். தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தும் பாடியும் வளர்ந்தவர். ஊருக்குத் திரும்பியதும் சாதாரண அக்கூஸ்டிக் கிதாரில் இந்தப் பாட்டைத் தனியாகவே எழுதினார். அதுவரை அந்தக் குழுவுக்குப் பேர் வாங்கித் தந்தவை 'லிங்கர்' போன்ற மென்மையான காதல் பாட்டுகள். ஒத்திகைக்கு வந்தவர், கிதாருக்கு டிஸ்டார்ஷன் வேண்டும், டிரம்ஸை இன்னும் ஓங்கி அடிக்க வேண்டும் என்று கேட்டார். குழந்தையைப் பறிகொடுத்த தாயின் பாட்டு அது. மென்மையாக வாசித்தால் பொய்யாகிவிடும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

வீடியோவை இயக்க வந்தவர் அமெரிக்கரான சாமுவேல் பேயர். 1991ல் நிர்வானாவின் 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' வீடியோவை எடுத்தவர். அவருக்கு அதுதான் முதல் மியூசிக் வீடியோ. பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் இளவட்டங்களின் கோபம் கொப்பளித்து, கூடமே நொறுங்குகிற வீடியோ அது. இந்த முறை அவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு பெல்ஃபாஸ்டுக்கே போனார். அமைதி காக்கும் பணியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறோம் என்று ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, சுவரோவியங்களையும் பையன்களையும் ரோந்துச் சிப்பாய்களையும் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்தார். பையன்கள் ஒரு கட்டடத்தின் உயரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவினார்கள். வீடியோவில் ஒரு துப்பாக்கியின் முனை நேராக நம் முகத்துக்கு நீள்கிற இடம் வரும். அது நடிப்பல்ல. சந்தேகப்பட்டு இடத்தைக் காலி செய்யச் சொன்ன பிரிட்டிஷ் சிப்பாய் என்று பேயர் பிறகு சொன்னார். போலிப் படப்பிடிப்புக் குழுக்களை அனுப்பி ராணுவம் ஆள்களைப் படமெடுத்துக்கொண்டு போகும் என்ற பேச்சு அங்கே இருந்ததால், ஐ.ஆர்.ஏ.க்காரர்களின் கண்ணும் அவர் மேல் இருந்தது. இரண்டு பக்கமும் நம்பாத ஒருவர் எடுத்த படம். அதனாலோ என்னவோ, அந்தக் காட்சிகளில் யாருக்கும் சாய்வாக ஒன்றும் இல்லை.

இப்போது பொன்னுக்கு வருகிறேன். ஒலி இல்லாமல் பார்க்கும்போது முதலில் உறுத்துவது அந்த மேனியின் அசைவுதான். பொன் பூசியதும் தோல் மறைந்துபோகிறது. வியர்வை, சிவப்பு, வெட்கம் எதுவும் தெரியாது. கண்ணின் வெள்ளையும் திறக்கிற வாயும் மட்டும் உயிரோடு இருக்கின்றன. ஆசையோடு பார்க்க வருகிற கண்ணுக்குப் பிடிமானமே இல்லை. பார்க்கிறவர் எதிரே நிற்பது ஒரு சிலை, அந்தச் சிலை அழுகிறது.

அயர்லாந்துக்காரர்களுக்கு இது எங்கோ பார்த்த உருவம். 1954 மரியன்னை ஆண்டாகக் கொண்டாடப்பட்டபோது நாடெங்கும் ஊர் ஓரங்களில் மாதா கெபிகள் கட்டினார்கள். 1985 கோடையில், கார்க் மாவட்டத்தின் பாலின்ஸ்பிட்டில் கிராமத்துக் கெபியில் மாதா சிலை அசைந்தது என்று ஒரு பேச்சுக் கிளம்பியது. ஆயிரக்கணக்கான பேர் இரவிரவாகப் போய் நின்று பார்த்தார்கள். டொலோரஸுக்கு அப்போது வயது 13. அந்த நாட்டில் வளர்ந்த ஒருவர், சிலுவையின் முன்னால் பொன்னாக நிற்கும் பெண் வாய் திறப்பதைப் பார்த்தால், பாடகியை மட்டுமா பார்ப்பார்? வியாகுல மாதாவும் சேர்ந்து கண்ணில் வந்து நிற்பாள்.

இதற்கு இன்னொரு பக்கம் உண்டு, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. அயர்லாந்தின் விடுதலைக் கதையில் நாடு என்பது ஒரு பெண். யேட்ஸும் லேடி கிரெகரியும் எழுதி 1902ல் டப்ளினில் மேடையேறிய 'கேத்லீன் நி ஹூலிஹன்' நாடகத்தில், கல்யாணத்துக்கு முந்தின நாள் ஒரு கிழவி வீடு தேடி வருகிறாள். அவள்தான் அயர்லாந்து. அவள் பேச்சைக் கேட்டு மாப்பிள்ளை மணப்பெண்ணை விட்டுவிட்டுப் போருக்குக் கிளம்புகிறான். கிழவி இளம் ராணியாக நடந்து போகிறாள். ஒற்றை மகனுக்குத் தலை வாரி வேல் கொடுத்து அனுப்பிய தாயைப் புறநானூற்றில் படித்த நமக்கு இந்த உருவம் புதிதல்ல. 'ஸாம்பி' பிரிட்டனுக்கு எதிரான 1916 எழுச்சியை நினைவூட்டி, அன்றிலிருந்து மாறாத அதே கதை என்கிறது. அந்தப் பழைய பெண்ணுருவத்தையே எடுத்துப் பொன் பூசி நிறுத்துகிறது வீடியோ. இவள் மட்டும் யாரையும் போருக்கு அனுப்பவில்லை. இவளைச் சுற்றி வெள்ளி பூசிய பையன்கள் அலறுகிறார்கள். தேவதைகள் போலவும் இருக்கிறார்கள், சவங்கள் போலவும் இருக்கிறார்கள்.

பொன்னிலிருந்து கறுப்பு வெள்ளைக்கு வெட்டும்போது, அதே வயதுப் பையன்கள் பெல்ஃபாஸ்ட் தெருவில் உயிரோடு ஓடுகிறார்கள். அந்த வெட்டில்தான் வீடியோ பிறக்கிறது. வெள்ளிப் பையன்கள் இல்லாமல் தெருப்பையன்கள் வெறும் செய்திப்படம். தெருப்பையன்கள் இல்லாமல் பொன் பெண் வெறும் அலங்காரம். ஒலியைத் திரும்ப வைத்தால் டொலோரஸின் குரல் உச்சியில் உடைகிற இடம் வருகிறது. அயர்லாந்தில் செத்த வீட்டில் பெண்கள் பாடிய பழைய ஒப்பாரியின் வாடை அந்த உடைசலில் இருக்கிறது.

பிபிசியும் ஆர்டிஇயும் தணிக்கை செய்து நீக்கியது அந்தத் தெருக்காட்சிகளைத்தான், வன்முறைக் காட்சிகள் என்று காரணம் சொல்லி. காலத்தையும் பார்க்க வேண்டும். 1994 ஆகஸ்ட் 31 அன்று ஐ.ஆர்.ஏ. போர்நிறுத்தம் அறிவித்தது. செப்டம்பரில் பாட்டு வெளியானது. ஐ.ஆர்.ஏ.யின் அரசியல் அணியான ஷின் ஃபேன் தலைவர்களின் குரலை ஒளிபரப்பக் கூடாது என்று பிரிட்டனில் 1988லிருந்து இருந்த தடை நீங்கியதும் அதே செப்டம்பரில்தான். ஆறு வருடமாக அவர்களின் வாயசைவுக்கு நடிகர்கள் குரல் கொடுத்துக்கொண்டிருந்த நாடு அது. படத்தை வைத்துக்கொண்டு குரலை எடுத்த பழக்கம், இங்கே குரலை வைத்துக்கொண்டு படத்தை எடுத்தது. மிஞ்சியது, மேடையில் பாடுகிற ஒரு பெண். பாடகியைப் பார், பாட்டு எதைப் பற்றி என்று பார்க்காதே என்ற பழைய வழக்கத்துக்கே வீடியோவைத் திருப்பிக் கொண்டுபோய்விட்டார்கள் என்பதுதான் எனக்கு ஆறாத கோபம்.

பாட்டின் மேல் வந்த குறையையும் சொல்ல வேண்டும். வாரிங்டன் பையன் இறந்த அதே மார்ச் 25 அன்று, வடக்கு அயர்லாந்தின் காசில்ராக்கில் நான்கு தொழிலாளர்களை பிரிட்டிஷ் ஆதரவு ஆயுதக் குழு சுட்டுக் கொன்றது. எங்கள் சாவுகளுக்கு யார் பாட்டு எழுதினார்கள் என்று வடக்கிலிருந்து வந்த கேள்வி நியாயமானது. 3,500க்கும் மேற்பட்டவர்கள் மாண்ட சண்டை அது. பாட்டு வாரிங்டனிலிருந்து கிளம்பியது உண்மை. ஆனால் வீடியோ பெல்ஃபாஸ்டுக்குப் போனது. நம் முகத்துக்கு நீண்ட அந்தத் துப்பாக்கி முனை பிரிட்டிஷ் ராணுவத்துடையது. பாட்டு விட்ட இடத்தில் ஒரு பகுதியைப் படம் சொல்லியிருக்கிறது. அதைத்தான் அந்த இரண்டு நாட்டுப் பார்வையாளர்களுக்கும் காட்டாமல் விட்டார்கள்.

மற்ற நாடுகளில் பாட்டு ஓடிய ஓட்டம் தெரிந்ததே. ஆஸ்திரேலியா, பிரான்ஸ், ஜெர்மனியில் முதலிடம், 1995ல் எம்டிவி ஐரோப்பாவின் சிறந்த பாடல் விருது. பிரிட்டனில் 14ஆம் இடத்தோடு நின்றது. டொலோரஸ் 2018 ஜனவரி 15 அன்று லண்டனில் இறந்தார், 46 வயதில்.

2023 செப்டம்பர் 23, பாரிஸை ஒட்டிய ஸ்டாட் டி பிரான்ஸ் மைதானம். ரக்பி உலகக் கோப்பையில் அயர்லாந்து தென்னாப்பிரிக்காவை 13-8 என்று வென்றதும், பச்சைச் சட்டைக் கூட்டம் 'ஸாம்பி'யைப் பாடியது. இது எங்கள் பாட்டா, எங்களுக்கு எதிரான பாட்டா என்று மறுநாள் முதல் மறுபடியும் வாக்குவாதம். 30 வருடத்துக்கு முன் ஒரு 21 வயதுப் பெண் எழுதிய தாயின் அழுகையை ஆயிரக்கணக்கான ஆண்கள் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தார்கள். அந்த இரவில் பாட்டு மட்டும்தான் மைதானத்துக்குள் வந்திருந்தது. பெல்ஃபாஸ்ட் பையன்கள் அதனோடு வரவில்லை.