சோற்றைக் குறைத்தால் முழங்கால் வலி குறையுமா?

வில்லியம் பான்ட்டிங் லண்டனில் இறுதிச் சடங்குகளை ஏற்பாடு செய்து கொடுக்கும் தொழிலில் இருந்தவர். 1862இல் அவருக்கு வயது 65. ஐந்தடி ஐந்து அங்குல உயரம், 202 பவுண்டு எடை, அதாவது ஏறக்குறைய 92 கிலோ. குனிந்து காலணியைக் கட்ட அவரால் முடியவில்லை. மாடிப்படி இறங்கும்போது பாரம் முழங்காலிலும் கணுக்காலிலும் இடிக்கும் என்பதால், திரும்பி நின்று பின்பக்கமாகவே மெதுவாக இறங்குவார். காது மந்தத்துக்காக அவர் பார்க்கப் போன மருத்துவர் வில்லியம் ஹார்வி, ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். ஓராண்டில் 46 பவுண்டு குறைந்தது. எல்லாரையும் போல முன்னோக்கிப் படி இறங்க முடிந்தது. அந்த அனுபவத்தை 1863இல் ஒரு சிறு நூலாக அச்சிட்டார். குறைமாவு உணவு, அதாவது மாவுச்சத்தைக் குறைத்த உணவு பற்றி மக்களிடையே பரவலாகப் படிக்கப்பட்ட முதல் நூல்களில் அதுவும் ஒன்று.

அவர் முழங்கால் சுகப்பட்டது ரொட்டியை விட்டதாலா, 46 பவுண்டை இறக்கியதாலா? பேலியோ என்ற குறைமாவு உணவுமுறையை எடுத்துக்கொண்டு மூட்டு வலியோடு நடமாடும் எல்லாரும் கேட்க வேண்டிய கேள்வி இது. ஒரே ஒரு மனிதரை வைத்து விடை சொல்ல முடியாது. அமெரிக்காவில் நடந்த இரண்டு ஆய்வுகளைப் அருகருகே வைத்தால் ஓரளவு தெளிவு கிடைக்கிறது.

முதல் ஆய்வு அலபாமா பல்கலைக்கழகத்தின் பர்மிங்ஹாம் வளாகத்தில் நடந்தது. மூட்டுத் தேய்மானம் உள்ள, 65 முதல் 75 வயது வரையிலான 21 பேர். சிலருக்குக் குறைமாவு உணவு, சிலருக்குக் குறைந்த கொழுப்பு உணவு, மீதிப் பேர் வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிட்டார்கள். பன்னிரண்டு வாரங்கள் கழித்துப் பார்த்தபோது, குறைமாவுக் குழுவினரே கூடுதல் நிம்மதி அடைந்திருந்தார்கள். அன்றாட அசைவுகள் சிலவற்றைச் செய்யும்போது எழும் வலி குறைந்திருந்தது. அவர்களே சொன்ன வலி அளவும் இறங்கியிருந்தது. இரத்தத்தில் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தின் அடையாளங்களும், லெப்டின் என்ற ஹார்மோனும் குறைந்திருந்தன. அந்த அழுத்தம் குறைந்ததற்கும் வலி குறைந்ததற்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

இரண்டாவது, வட கரோலினாவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் மெஸ்ஸியர் தலைமையில் நடந்து 2013இல் வெளியான ஆய்வு. இது அளவில் வேறு. 55 வயதைத் தாண்டிய, எடை கூடிய 454 பேர், பதினெட்டு மாதங்கள். ஒரு குழு உடற்பயிற்சி மட்டும் செய்தது. இன்னொரு குழு உணவை மட்டும் குறைத்தது. மூன்றாவது குழு இரண்டையும் செய்தது. இங்கே மாவுச்சத்தை யாரும் ஒதுக்கவில்லை. மொத்தக் கலோரியைத்தான் வெட்டினார்கள். கொழுப்புக்கும் வரம்பு இருந்தது. இரண்டையும் செய்தவர்கள் சராசரியாக 10.6 கிலோ குறைந்தார்கள், உணவு மட்டும் என்றவர்கள் 8.9 கிலோ, பயிற்சி மட்டும் என்றவர்கள் 1.8 கிலோ. வலியே இல்லை அல்லது இருப்பதே தெரியாத அளவுதான் என்று சொன்னவர்கள் இரண்டையும் செய்த குழுவில் 38 சதவீதம். மற்ற இரு குழுக்களிலும் அது 20 சதவீத அளவில் நின்றுவிட்டது.

ஒப்பீட்டின் முடிச்சு அழற்சியில் இருக்கிறது. முழங்காலுக்குக் குறைமாவு உணவு நல்லது என்று பேசுகிறவர்களின் முதல் வாதமே, அது உடலின் அழற்சியைத் தணிக்கிறது என்பதுதான். அலபாமா ஆய்வு அந்தப் பக்கம் சாய்கிறது. ஆனால் வட கரோலினாவில் இரத்தத்தில் இன்டர்லூக்கின்-6 என்ற அழற்சிப் பொருளை அளந்தபோது, உணவைக் குறைத்த இரு குழுக்களிலும் அது இறங்கியிருந்தது. பயிற்சி மட்டும் செய்தவர்களைவிடக் குறைவாக இருந்தது. மாவுச்சத்தை ஒதுக்காமலே, எடை இறங்கியதோடு அழற்சியும் இறங்கியிருக்கிறது. கொழுப்புத் திசுவே அழற்சிப் பொருள்களைச் சுரக்கிறது என்பதால் இதில் வியப்பில்லை. முழங்கால் தாங்கும் பாரத்தின் கணக்கும் எடையின் பக்கமே சாய்கிறது. மெஸ்ஸியர் குழு 2005இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வின்படி, உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மேல் விழும் சுமை நான்கு கிலோ குறைகிறது. ஐந்து கிலோ குறைந்தவருக்கு அடிக்கு இருபது கிலோ. ஒரு நாளில் நாம் வைக்கும் ஆயிரக்கணக்கான அடிகளை நினைத்துப் பாருங்கள்.

என் எண்ணத்தில் வட கரோலினாவின் சான்றுக்குத்தான் எடை அதிகம். 21 பேரை வைத்து மூன்று மாதத்தில் கண்டது நம்பிக்கை தருகிறது, ஆனால் தீர்ப்பு எழுத அது போதாது. அதற்காகக் குறைமாவு உணவைத் தள்ளிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை; நம் ஊரில் அதற்கு வேறொரு நியாயம் இருக்கிறது. இந்தியர்கள் உண்ணும் கலோரியில் 60 முதல் 70 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. காலையில் இட்லி, மதியம் சோறு, இரவு தோசை, நடுவில் சர்க்கரை போட்ட காபி. இந்தத் தட்டில் கலோரியைக் குறைக்க வேண்டுமென்றால் கை வைக்க வேண்டிய இடம் சோறுதான். அது முழுதாக ஒழிய வேண்டும் என்பதும் இல்லை. சென்னை ஆய்வாளர்கள் முன்னின்று, 18,090 பேரின் உணவுத் தரவை வைத்து 2022இல் வெளியிட்ட ஐசிஎம்ஆர்–இன்டியாப் (ICMR–INDIAB) ஆய்வு, சர்க்கரை நோய் பின்வாங்குவதற்கே மாவுச்சத்து 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் போதும் என்று கணக்கிட்டது. பாதிச் சோறு, பெரிய அளவில் கீரையும் காயும், ஒவ்வொரு வேளையும் முட்டையோ மீனோ பயறோ. வருடக்கணக்கில் விடாமல் செய்யக்கூடியது இதுதான்.

பேலியோக்காரர்கள் பலர் தவறவிடுவது பயிற்சியை. எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. முழங்காலைத் தாங்கிப் பிடிப்பது தொடையின் முன்தசை. அது மெலிந்தால் தராசில் எண் இறங்கும், படியில் வலி இருந்துகொண்டே இருக்கும். வட கரோலினாவில் வாரம் மூன்று நாள், ஒரு மணி நேரம், நடையோடு வலுவூட்டும் பயிற்சியும் கொடுத்தார்கள். வீட்டில் நாற்காலியில் அமர்ந்து காலை நேராக நீட்டிப் பிடித்து இறக்குவதிலிருந்தே தொடங்கலாம். வலிக்கிறதே என்று பெண்கள் நடப்பதையே நிறுத்திவிடுகிறார்கள், எத்தனையோ வீடுகளில். அது வருத்தமான காட்சி. நிறுத்த நிறுத்தத் தசை இன்னும் தளரும்.

குறைமாவு உணவு தொடங்கிய சில வாரங்களில் முழங்கால் திடீரென்று சிவந்து, வீங்கி, தொடவே முடியாமல் வலித்தால் அதைத் தேய்மானம் என்று தள்ளிவிடக் கூடாது. கீட்டோன்கள் பெருகும்போது சிறுநீரகம் யூரிக் அமிலத்தை வெளியேற்றுவது குறைகிறது. ஏற்கெனவே யூரிக் அமிலம் கூடுதலாக உள்ளவருக்குக் கவுட் என்ற மூட்டு நோய் கிளம்பலாம். அதற்கு மருந்து வேறு.

சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் சொல்லி மருந்தின் அளவை மாற்றிக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கேட்காமல் இறங்க வேண்டாம். மற்றவர்கள் இன்று மதியமே சோற்றைப் பாதியாக்கலாம். அதோடு தொடைப் பயிற்சிக்கு வாரத்தில் மூன்று நாளை இப்போதே ஒதுக்கிவிடுங்கள்.