பொருநைக் கரையின் கூட்டாட்டங்கள்

சங்க நூல்கள் கூறும் துணங்கை என்பது, முடக்கிய கைகளால் விலாவில் அடித்துக்கொண்டு ஆடும் கூத்தாகும். அதில் ஆடும் மகளிருக்கு ஆடவர் முதற்கை தந்து ஆடுவது உண்டு என்பதையும், ஆடுகோட்பாட்டுச் சேரலாதன் அவ்வாறு ஆடியதற்காக அவன் தேவி சினந்து, கையிலிருந்த குவளை மலரை அவன்மேல் எறிய ஓங்கினாள் என்பதையும் பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்து காட்டுகிறது. ஆணும் பெண்ணும் ஒரே களத்தில் ஆடிய அவ்வழக்கம் பின்னர் மங்கியதால், பொருநை எனப்படும் தாமிரபரணியின் பள்ளத்தாக்கில் அண்மைக்காலக் கூட்டாட்டங்கள் பெண்களுக்குக் கும்மி, கோலாட்டம் என்றும், ஆண்களுக்குக் களியல், ஒயில் என்றும் பிரிந்து நின்றன. எனினும், பார்ப்போரைவிட ஆடுவோரின் களிப்பே முதன்மை பெற்ற வகையில், ஐரோப்பிய நடனக்கூடங்களின் இணையாட்டங்களுக்கு நம்மிடையே உள்ள நெருங்கிய உறவு, பரதநாட்டியத்தின் முன்வடிவமான சதிர் அன்று, இவையே.

இவற்றுள் கற்பதற்கு மிகுந்த பயிற்சி வேண்டுவது பின்னல் கோலாட்டம். தென்மாவட்ட அக்கிரகாரங்களில் தீபாவளியை ஒட்டிய அமாவாசை தொடங்கிப் பத்து நாள் நிகழ்ந்த கோலாட்ட ஜோத்திரையில், சிறுமியர் பசுவன் என்னும் களிமண் உருவத்தை வைத்து வழிபட்டு, அதன்முன் கோலடித்து ஆடி, முடிவில் அதை நீர்நிலையில் கரைத்தனர். பின்னல் வகையில், உயரத்தில் கட்டித் தொங்கவிடப்பட்ட வண்ணக் கயிறுகளின் நுனிகளை ஆளுக்கொன்றாக ஒரு கையிலும், கோலை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, இரட்டைப்படை எண்ணிக்கையில் நிற்போருள் ஒரு பாதியினர் வலமாகவும் மறு பாதியினர் இடமாகவும் ஒருவரையொருவர் உள்ளும் புறமுமாகக் கடந்து செல்ல, கயிறுகள் சடைபோலப் பின்னிக்கொள்ளும். பின்னர் அதே அடவைத் தலைகீழாக ஆடினால் பின்னல் பிரிந்துவிடும். ஒருத்தி ஒரு முறை தடம் மாறினாலும் எல்லோர் கயிறும் சிக்கிக்கொள்ளும் என்பதால், தனித்திறமைக்கு இங்கே பெருமை இல்லை. இது வகுப்பு என்ற பெயரின்றியே நடந்த வகுப்பு. அதே வேளையில், ஒரு சாதித் தெருவின் எல்லைக்குள் நடந்த வகுப்பும்கூட. ஏனைய தெருக்களின் பெண்கள் அம்மன் கொடையில், முளைப்பாரியை நடுவில் வைத்துச் சுற்றிக் கும்மியடித்தனர்.

ஆண்களின் களியலில் ஆசானே மையம்; எரியும் விளக்கருகே நின்று அவர் தாளமிட்டுப் பாட, கம்புகளைத் தட்டியபடி ஆட்டக்காரர்கள் சுற்றிவருவர். தெற்கே குமரி நாட்டில் இதே ஆட்டத்தில் கிறித்தவக் கதைப்பாடல்களும் இடம்பெற்றன.

இருபதாம் நூற்றாண்டில் இக்கலைகள் புதிய இடங்களுக்குச் சென்றன. எட்டயபுரத்துப் பாரதியார் பெண் விடுதலையைப் பாடக் கும்மி மெட்டைத் தேர்ந்ததில் வியப்பில்லை, அது பெண்கள் ஏற்கெனவே கூடி நின்ற களம்; நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலை 1964-இல் வெளியிட்ட தொகுப்பு நாட்டுப் பாடல்களை ஆய்வுக்கு உரியவையாக்கியது. பள்ளி ஆண்டுவிழாக்களோ ஆட்டத்தின் வடிவையே மாற்றின. அவையோருக்கு முகம் காட்ட வேண்டியிருந்ததால் கும்மியின் வட்டம் அரைவட்டமாகத் திறந்தது. கூரையில் கயிறு கட்ட இயலாத மேடைகளில், கயிறுகளின் தலைப்பைக் கட்டிய கம்பத்தை நடுவில் நிறுத்தி, அதைச் சுற்றிப் பின்னல் கோலாட்டத்தை ஆடினர்.